ஆபீஸ் இடம் மாறுது, வேலை நிலைக்குமா? சென்னை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓஎம்ஆர், கிண்டி, போரூர், அம்பத்தூர் பக்கம் ஐடியிலும் ஜிசிசியிலும் (வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் மையங்கள்) பேக் ஆபீஸிலும் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. கம்பெனிகளின் லீஸ், சீட் கணக்கு, கேப் ரூட் எல்லாம் பார்க்கும் அட்மின் பக்கத்தில் வேலை செய்தவன். அதனால் கட்டடம் பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் வரும். சட்டம் பற்றி எழுதியிருப்பது பொதுவான நிலவரம்தான், உங்கள் ஆஃபர் லெட்டரில் இருப்பதைப் பொறுத்து அது மாறும்.

எங்க பில்டிங்ல ரெண்டு ஃப்ளோர் காலி பண்ணிட்டாங்க. ஆள் குறைக்கப் போறாங்கன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. ஆபீஸ் லீஸ் நம் வீட்டு வாடகை மாதிரி பதினொரு மாத ஒப்பந்தம் கிடையாது. பொதுவாக 9 வருஷத்துக்குப் போடுவார்கள், 3 வருஷத்துக்கு ஒருமுறை வாடகை கூடும், முதல் 3 முதல் 5 வருஷம் லாக்-இன். லாக்-இன் முடியும் முன்னால் காலி செய்தால் மீதி வாடகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதனால் லாக்-இன் முடிகிற வருஷம் வந்ததும் எல்லா அட்மின் டீமும் கால்குலேட்டரோடு உட்காரும். வாரத்தில் மூன்று நாள்தான் ஆள் வருகிறது, பாதி சீட் காலியாகக் கிடக்கிறது, இதற்கு ஏன் நான்கு ஃப்ளோர் வாடகை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

2023 மே மாதம் காக்னிசன்ட் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் அறிவித்தது. சுமார் 3,500 பேரைக் குறைக்கிறோம் என்பது ஒன்று. இந்தியாவின் பெரிய நகரங்களில் 1.1 கோடி சதுர அடி இடத்தை, அதாவது 80,000 சீட்டை விடுகிறோம் என்பது இன்னொன்று. 80,000 சீட்டுக்கும் 3,500 பேருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள், அந்த 3,500 பேரும் உலகம் முழுவதற்குமான கணக்கு. பின்னால் ஒக்கியம் துரைப்பாக்கம் வளாகத்தையே விற்றார்கள். அதைக் கடந்து போகிறவர்களுக்கு மனசு ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் அது சொத்துக் கணக்கு. ஆள் கணக்கு வேறு ஷீட்டில் இருக்கும்.

அப்ப கட்டடத்தைப் பார்க்காம வேற எதைப் பார்க்கணும்?

உங்கள் வேலைக்கான பணம் யாருடைய பட்ஜெட்டிலிருந்து வருகிறது, அந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார், அவருக்கு உங்கள் ஊரால் என்ன பயன். இந்த மூன்றும்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இதற்கு ஃபோர்டை விட நல்ல உதாரணம் சென்னையில் கிடையாது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். மறைமலைநகர் ஆலை 2022ல் நின்றது, இழப்பீடு போதாது என்று தொழிலாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே கம்பெனி, அதே ஊர், ஆனால் சோழிங்கநல்லூர் பக்கம் சாஃப்ட்வேரும் ஃபைனான்ஸும் இன்ஜினியரிங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் ஃபோர்டு சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் 12,000 பேர் அந்த மாதிரி உலகளாவிய வேலைகளில் இருந்தார்கள், மூன்று வருஷத்தில் இன்னும் 2,500 முதல் 3,000 பேரைச் சேர்ப்போம் என்றார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ஆலையின் பிழைப்பு இந்தியாவில் கார் விற்பதைப் பெரிதும் நம்பியிருந்தது, அது ஓடவில்லை. ஆபீஸின் பிழைப்பு அமெரிக்கத் தலைமையகத்தின் செலவைக் குறைப்பதில் இருந்தது, அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஐடி கார்டு என்பதால் ஒரே தலையெழுத்து ஆகிவிடாது.

இதற்கு மாறாகவும் நடக்கும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006ல் தொடங்கி உலகத்துக்கே போன் அனுப்பியது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் மூடினார்கள். அந்தத் தொழிலாளர்கள் வேலையில் என்ன குறை வைத்தார்கள்? ஒன்றுமில்லை. அந்த இடத்தின் மேல் இருந்த ஒரு வழக்கு, அவ்வளவுதான். இடம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்போது உங்கள் அப்ரைசல் ரேட்டிங் எதுவும் காப்பாற்றாது.

சரி, முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஏதாவது அறிகுறி உண்டா?

உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கேன்டீன் வதந்தியில் வராது. உங்கள் டீமில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களா, எடுத்தால் எந்த ஊரில் எடுக்கிறார்கள் என்று கம்பெனியின் கேரியர் பக்கத்திலேயே பாருங்கள். நீங்கள் செய்கிற அதே வேலைக்கு ஹைதராபாத்திலோ போலந்திலோ மணிலாவிலோ விளம்பரம் வந்து, சென்னைக்கு மட்டும் வராமல் இரண்டு காலாண்டு போனால் அது கவனிக்க வேண்டிய விஷயம். அடுத்தது, உங்கள் மேனேஜருக்கு மேல் இருப்பவர் சென்னையிலிருந்து போய் அந்த இடம் வேறு ஊரில் நிரப்பப்படுவது. திடீரென்று எல்லா வேலையையும் படிப்படியாக எழுதி வை, வீடியோ எடுத்து வை என்று வேண்டுவதும் ஒரு அறிகுறிதான், ஆனால் ஆடிட்டுக்காகவும் இதைக் கேட்பார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

காபி மெஷின் பிராண்ட் மாறியது, ஏசி ஆறு மணிக்கு ஆஃப் ஆகிறது என்பதெல்லாம் அறிகுறியே இல்லை. அது என்னைப் போல ஒரு அட்மின்காரர் தன் டார்கெட்டை முடிக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஜிசிசி-னா பாதுகாப்பு, சர்வீஸ் கம்பெனினா ஆபத்துன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் 2024ல் சொன்ன கணக்கில் இந்தியாவில் 1,700க்கு மேல் ஜிசிசி, சுமார் 19 லட்சம் பேர் வேலை. தமிழ்நாடு அரசும் 2024 பட்ஜெட்டில், புதிதாக வரும் ஜிசிசிகள் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கினால் முதல் வருஷம் சம்பளத்தில் 30 சதவீதம், அடுத்த வருஷம் 20, மூன்றாம் வருஷம் 10 என்று மானியம் தருவதாக அறிவித்தது. ஆட்கள் வருவது உண்மைதான்.

ஆனால் சர்வீஸ் கம்பெனியில் ஒரு கிளையன்ட் போனால் பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல் சம்பளத்தோடு காத்திருந்து, இன்னொரு புராஜெக்ட் தேடலாம், கம்பெனிக்கு நூறு கிளையன்ட் இருக்கும். ஜிசிசியில் ஒரே ஒரு கிளையன்ட்தான், அது உங்கள் தாய் நிறுவனம். அது இன்னொரு கம்பெனியோடு இணைந்தால், அந்த இன்னொரு கம்பெனிக்கு ஏற்கனவே பெங்களூருவில் ஒரு சென்டர் இருந்தால், ஒரே நாட்டில் இரண்டு சென்டர் எதற்கு என்ற கேள்வி முதல் மாதமே வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கூட்டத்தில் சென்னையிலிருந்து ஒருத்தராவது உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் விஷயம். சைட் ஹெட் பதவியில் இருப்பவருக்கு ஆயுத பூஜையில் குத்துவிளக்கு ஏற்றும் அதிகாரம் மட்டும்தான் இருக்கிறதா, பட்ஜெட் கையெழுத்தும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மானியத்தை நம்பி ஒரு கம்பெனி வந்தால் மானியம் முடிந்ததும் போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். வாடகையும் மானியமும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தராசில் விழும் எடைதான். ஒருமுறை ஆயிரம் பேரை எடுத்துப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்த பிறகு கிளம்புவது அதை விடச் செலவு. சிறிய டீம்கள்தான் சுலபமாகக் கிளம்பும்.

எஸ்இஇசட் வரிச்சலுகை முடிஞ்சதால ஆபீஸ் மாத்துறாங்களாம். உண்மையா?

சில இடங்களில் உண்மை. எஸ்இஇசட் என்பது சிறப்புப் பொருளாதார மண்டலம். 2020 மார்ச் 31க்குப் பிறகு தொடங்கிய யூனிட்டுகளுக்குப் பொதுவாக அந்த வருமானவரிச் சலுகை கிடையாது, பழையவற்றுக்கும் 15 வருஷக் கணக்கு ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வருகிறது. அதனால் எஸ்இஇசட் கட்டடத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் எஸ்இஇசட்டிலிருந்து விலக்கிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். இது முழுக்க கட்டட விவகாரம், உங்கள் வேலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு அபூர்வம்.

கிண்டியில இருந்த ஆபீஸை சிறுசேரிக்கு மாத்துறாங்க. ஊர் மாறலை, அப்புறம் என்ன பிரச்சினைன்னு எச்ஆர் கேக்கறாங்க.

மாதவரத்தில் இருப்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் வழித்தடம் போடுகிறார்கள், அது முழுசாக ஓடும் வரை அந்தத் தூரம் பஸ்ஸிலும் கேபிலும் தினமும் நாலு மணி நேரத்தைக் கூடத் தின்னும்.

ஒரே ஊருக்குள் நடக்கும் மாற்றம் யாரையும் வேலையை விட்டு நீக்காது. ஆனால் ஆறு மாதத்தில் யார் யார் தானாகவே பேப்பர் போட்டார்கள் என்று பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் அம்மாக்கள், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், வட சென்னைக்காரர்கள், மாற்றுத்திறனாளிகள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, பல நேரம் உண்மையிலேயே சதுர அடி வாடகை மட்டும்தான் காரணம். ஆனால் எத்தனை பேர் போவார்கள் என்று ஒரு மதிப்பீடு இடமாற்றக் கணக்கு ஷீட்டில் ஒரு ஓரத்தில் இருக்கும்.

பேரம் பேச வேண்டியது அறிவிப்பு வந்த முதல் சில வாரங்களில்தான். கேப் ரூட், பிக்கப் நேரம், ஷிப்ட் மாற்றம், வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும், 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகம் புது இடத்தில் எப்போது தயாராகும். தனித்தனியாகக் கேட்காமல் ஒரே பகுதியிலிருந்து வருபவர்கள் சேர்ந்து மெயில் போட்டால் ரூட் கிடைக்கும், இது அட்மின் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்வது.

மூணு வாரத்துல வேற ஊருக்குப் போகணும், இல்லைன்னா ராஜினாமான்னு சொல்றாங்க. மறுக்க முடியுமா?

முதலில் ஆஃபர் லெட்டரை எடுங்கள். "நிறுவனத்தின் எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும், நாம் கையெழுத்துப் போடும்போது சம்பளப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் படித்திருக்க மாட்டோம். அந்த வரி இருந்தால் இடமாற்றத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் ஜெயிப்பது கஷ்டம். பழிவாங்கும் நோக்கம் என்றோ, சம்பளமும் பதவியும் குறைகிறது என்றோ காட்ட முடிந்தால்தான் தலையிடுவார்கள். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் நிலை நல்ல நிலை.

இப்படிச் செய்வது நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2023ல் 350 அலுவலகங்களில் பரவியிருந்த சுமார் 60,000 மேனேஜர்களை 9 இடங்களுக்குள் வரச் சொன்னது. வால்மார்ட் 2024ல் டல்லாஸ், அட்லாண்டா, டொரன்டோ ஊழியர்களில் பெரும்பாலானவர்களைத் தலைமையகம் போன்ற மைய இடங்களுக்கு மாறச் சொன்னது, அதே நேரத்தில் சில நூறு வேலைகளையும் நீக்கியது. ஆட்குறைப்பு என்று அறிவித்தால் செய்தி வரும், இழப்பீடு தர வேண்டும். இடம் மாறு என்று சொன்னால் போகாதவர்கள் தானாக விலகியதாகக் கணக்கு.

அதனால் மறுப்பதாக இருந்தாலும் "வர மாட்டேன்" என்று எழுதாதீர்கள். என் சூழ்நிலை இது, இவ்வளவு அவகாசம் வேண்டும், மாற்றுச் செலவு யார் தருவார்கள், சென்னையிலேயே வேறு இடம் உண்டா என்று மெயிலில் கேளுங்கள். சொல்லாமல் லீவு போட்டு உட்கார்ந்துவிட்டால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள், ரிலீவிங் லெட்டர் வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

எச்ஆர் ரூமுக்குக் கூப்பிட்டு இப்பவே ராஜினாமா கொடுங்கன்னு சொன்னா?

அங்கேயே கொடுக்காதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள், அதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய மாட்டார்கள். நீங்களே ராஜினாமா செய்தால் ஆட்குறைப்புக்கான சட்டப் பாதுகாப்பு எதுவும் பேச்சுக்கு வராது. அவர்கள் நீக்கினால் வரும். வித்தியாசம் அந்த ஒரு கிளிக்கில் இருக்கிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41 படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக்கூடாது. நீக்கினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கான காலக்கெடு குறைவு என்பதால் வேறு வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இது தவிர, ஆட்குறைப்பு என்றால் ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும், ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்க வேண்டும் என்ற பொது விதியும் பழைய தொழில் தகராறு சட்டத்திலிருந்தே வருகின்றன. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன, கூடவே நீக்கப்படுபவருக்கு 15 நாள் சம்பள அளவு மறுபயிற்சி நிதி என்று ஒன்று சேர்ந்திருக்கிறது.

"எனக்கு லட்சத்துக்கு மேல சம்பளம், எனக்கு எங்கே தொழிலாளர் சட்டம்" என்று பலர் நினைக்கிறார்கள். தொழில்நுட்ப வேலை செய்பவர்களுக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. மேற்பார்வை வேலைக்குத்தான் உச்சவரம்பு, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள்தான் முழுக்க வெளியே. உங்கள் டெசிக்னேஷனில் மேனேஜர் என்று இருப்பது முக்கியமில்லை, தினமும் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஐடி கம்பெனிகளுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது.

ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீக்கப்பட்டால் கிராஜுவிட்டியையும் (பொதுவாக ஐந்து வருஷ சர்வீஸுக்குக் கிடைக்கும் பணிக்கொடை) விட்டுவிடாதீர்கள். நான்கு வருஷமும் ஐந்தாவது வருஷத்தில் 240 நாளும் முடித்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வீட்டிலிருந்தே வேலை செஞ்சா இந்தப் பிரச்சினையே இல்லையே?

டிசிஎஸ் 2020ல் என்ன சொன்னது என்று ஞாபகம் இருக்கிறதா? 2025க்குள் 25 சதவீதம் பேர் ஆபீஸுக்கு வந்தால் போதும் என்று. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியின் கொள்கையை நம்பி தஞ்சாவூரில் வீட்டைப் போட்டவர்கள் திரும்பி வந்து மேடவாக்கத்தில் வாடகைக்கு அலைந்தார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வேலை இடம் என்று உங்கள் ஊர் எழுதியிருந்தால் ஒரு பேச்சு. மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னது அவர் இருக்கும் வரை.

கோவை, மதுரை, விழுப்புரம்னு சின்ன ஊர்ல ஆபீஸ் திறக்கறாங்க. கேட்டு வாங்கிப் போகலாமா?

போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. ஜோஹோ தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011லிருந்து ஆபீஸ் நடத்துகிறது, அங்கே ஒரு தயாரிப்பையே உருவாக்கும் டீம்கள் இருக்கின்றன. அரசும் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று டைடல் நியோ ஐடி பூங்காக்களைத் திறந்திருக்கிறது. வீட்டுச் சாப்பாடு, சேமிப்பு எல்லாம் சரி. ஆனால் அந்தக் கிளையில் எத்தனை வகை வேலை இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே ஒரு புராஜெக்டை நம்பி 80 பேர் உட்கார்ந்திருந்தால் அது முடிந்த அன்றைக்கு அந்த ஊரில் மாறிக்கொள்ள எதிர்த்த கட்டடம் இருக்காது. தரமணியில் வேலை போனால் சாலையைத் தாண்டினால் இன்னொரு கம்பெனி. வேலைப் பாதுகாப்பு என்பதில் பாதி உங்கள் கம்பெனி, மீதி உங்கள் ஊரின் வேலைச் சந்தை. சென்னையில் வருவது போல அங்கேயும் இன்கிரிமென்ட் வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேப் டிரைவர் இவங்க நிலைமை?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரே ஒருவர்தான், ஆனால் இட மாற்றத்தில் முதல் அடி வாங்குவது இவர்கள்தான். நான் மேலே சொன்ன சீட் கணக்கு, ஆள் கணக்கு என்ற பிரிவு இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்குச் சீட் போனால் வேலை போகும். ஃப்ளோருக்கு இத்தனை பேர் என்றுதான் கான்ட்ராக்ட் போடுவோம், இரண்டு ஃப்ளோரை விட்டால் அத்தனை பேரும் அடுத்த மாத பில்லில் இருக்க மாட்டார்கள். பெருங்குடி ஆபீஸ் சிறுசேரிக்குப் போனால் கண்ணகி நகரிலிருந்து நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ வந்த அக்காவுக்கு அங்கே போகக் கேப் கிடையாது.

கான்ட்ராக்டரிடம் வேலை செய்தாலும் பிஎஃப், இஎஸ்ஐ, சம்பள பாக்கிக்கு முதன்மை நிறுவனமும் பொறுப்பு. கான்ட்ராக்டர் கட்டாமல் ஓடினால் கம்பெனியைக் கேட்கலாம். யுஏஎன் என்ற பிஎஃப் அடையாள எண்ணை வைத்து பிஎஃப் பாஸ்புக் பார்க்க ஒருவர் சொல்லிக்கொடுத்தால் போதும். உங்கள் ஃப்ளோர் காலியாகிறது என்று உங்களுக்கு மெயில் வந்த அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு மெயில் வராது.

ஆபீஸ் பக்கத்துலயே நாவலூர்ல ஃபிளாட் வாங்கலாம்னு இருக்கேன். சரியா?

ஆபீஸுக்காக மட்டும் என்றால் வேண்டாம். லோன் 20 வருஷம், லீஸ் 9 வருஷம், அதிலும் லாக்-இன் முடிந்தால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். உங்கள் ஆபீஸ் போரூருக்குப் போய்விட்டாலும் அந்த ஏரியாவில் இருக்க உங்களுக்கு வேறு காரணம், பிள்ளைகளின் பள்ளி, மனைவி அல்லது கணவரின் வேலை, சொந்தக்காரர்கள், ஏதாவது இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வாடகைக்கு இருங்கள். வாங்கியே தீருவேன் என்றால் ஆறு மாத ஈஎம்ஐ கையில் தனியாக வைத்துக்கொண்டு, தண்ணீர் லாரியா மெட்ரோ வாட்டரா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.